புகார் எண் 4417 முடியும் நாள்

செண்பகவல்லி எழுதி அனுப்பிய ஏழாவது திட்டமும் திரும்பி வந்தது.

சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி. திரையில் ஷிஃபானா பெங்களூரிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயது, செண்பகவல்லிக்கு நாற்பத்தாறு. பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி நிரல் எழுத வந்த இடத்தில், தனக்கு வாய்த்த வழிகாட்டி தன் மகளைவிட நாலே வயது மூத்தவள் என்பதில் முதல் இரண்டு வாரம் செண்பகவல்லிக்கு வருத்தம் இருந்தது. இப்போது வருத்தம் போய்விட்டது. எரிச்சல் மட்டும் மிச்சம்.

"அக்கா, ஒரே ஒரு கேள்விதான். நாட்காட்டியில முப்பது கட்டம் அழகா வரைஞ்சிருக்கீங்க. ஒரு கட்டத்துக்குள்ள என்ன வரும்?"

"புகார் வரும்."

"எந்தப் புகார்?"

"அன்னைக்கு முடிக்க வேண்டிய புகார்."

"அன்னைக்கு முடிக்கணும்னு யாரு சொன்னா?"

"நகராட்சிக்காரங்கதான். கெடு தேதின்னு ஒரு இடம் இருக்குல்லா? அதுல போடுதாங்க."

"என்ன போடுதாங்கன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. செண்பகவல்லி அந்த இடத்திலேயே திறந்து பார்த்தாள். பல்லாயிரம் புகார்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கெடு: மார்ச் 31. அந்த நாட்காட்டியை வெளியிட்டால் முந்நூற்றுச் சொச்சம் கட்டங்கள் காலியாகவும் ஒரு கட்டம் வெடிக்கிற மாதிரியும் இருக்கும்.

"எட்டாவது எழுதுங்க அக்கா" என்றாள் ஷிஃபானா.

'முறையீடு' என்பது அந்த மென்பொருளின் பெயர். யாருக்கும் சொந்தமில்லை. நிரல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். முதலில் நிரலர்கள் தங்கள் பிழைகளைக் குறித்துவைக்கத்தான் அதைச் செய்தார்கள். பிறகு சிறிய நகராட்சிகள் எடுத்துக்கொண்டன. எரியாத தெருவிளக்கு, உடைந்த குழாய், அள்ளாத குப்பை என்று எதுவானாலும் ஒரு எண் கிடைக்கும், வரலாறு சேரும், கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு பச்சைக் குறி விழும். 2031-ஆம் ஆண்டு இருநூற்றுப் பன்னிரண்டு ஊர்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. இல்லாதது ஒரு நாட்காட்டி மட்டும். அதைத் திட்டமிட்டுச் செய்து முடிப்பதுதான் செண்பகவல்லியின் ஆறு மாத வேலை.

எட்டாவது திட்டத்துக்காக நிரலைத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குக் கணிப்பான் கிடைத்தது. யாரோ ஒரு தன்னார்வலர் இரண்டு வருடம் முன்பு எழுதி, இணைத்து, மறந்துபோன பகுதி அது. முடிந்துபோன பத்தொன்பது லட்சம் புகார்களைப் படித்திருந்தது. மழை, பள்ளி விடுமுறை, திருவிழா, தேர்தல், அதிகாரிகளின் மாறுதல் எல்லாம் அதற்குத் தெரியும். ஒரு புதிய புகாரைக் கொடுத்தால், அது எந்த நாளில் முடியும் என்று சொல்லும். சொன்ன நாளை யாரும் கேட்டதில்லை.

அவள் போன வருடத்துப் புகார்களைக் கொடுத்துச் சோதித்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாக வந்தது.

"அக்கா..." என்று அடுத்த சனிக்கிழமை ஷிஃபானா நாற்காலியில் நிமிர்ந்தாள். "இது நெசமா?"

"மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். அதிகாரி எழுதுத கெடுவை விட்டுருவோம். உண்மையிலேயே எப்ப முடியுமோ, அந்தக் கட்டத்துல புகாரை வைப்போம். ஜனங்களுக்கு ஒரு நெசத் தேதி கெடைக்கும்ல?"

முதல் முறையாக ஷிஃபானா எதையும் திருப்பி அனுப்பவில்லை. நிரலைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்புக் குழுவின் பன்னிரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தார்கள். ஜூலையில் நாற்பது ஊர்களில் நாட்காட்டி வெளியானது. அவற்றில் ஒன்று செண்பகவல்லி குடியிருந்த சிந்தலக்குளம்.

தன் ஊர் நாட்காட்டியை அவள் முதல் நாளே திறந்து பார்த்தாள். புகார் எண் 4417, பெண்கள் பள்ளி முக்கில் சாக்கடை மூடி உடைந்து கிடப்பது, நவம்பர் 12-ஆம் தேதிக் கட்டத்தில் இருந்தது.

புகார் கொடுத்தவர் அந்த முக்கில் கைபேசி பழுதுபார்க்கும் கோமதிநாயகம். ஏப்ரலில் ஒரு லாரி ஏறி மூடி இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்துவிட்டது. மூன்றடிக்கு இரண்டடியில் ஒரு கறுப்புச் சதுரம். அதை ஒட்டித்தான் அறுநூறு பிள்ளைகள் தினமும் இரண்டு வேளை நடக்கிறார்கள்.

"நவம்பர் வரைக்கும் எதுக்கும்மா?" என்று கோமதிநாயகம் அவளிடம் கேட்டார். "ஒரு சிமெண்டு சிலாப்பு. ரெண்டு ஆளு. அரை நாள் வேலை."

அவளுக்கும் அது புரியவில்லை. நகராட்சிக்குப் போனாள். உதவிப் பொறியாளர் ஏசுவடியான் மரியாதையான மனிதர். எழுந்து நாற்காலி போட்டார். நாட்காட்டி செய்தவள் என்று தெரிந்ததும் டீ வரவழைத்தார்.

"ரொம்ப உபகாரம் மேடம். முன்னெல்லாம் ஆளாளுக்கு வந்து சத்தம் போடுவாங்க. இப்ப தேதியக் காட்டிருதேன். பேசாமப் போயிருதாங்க."

"4417-ஐ இப்பவே முடிச்சிரலாமே சார்? சிலாப்பு உங்க குடோன்லயே அடுக்கியிருக்குதே. வரும்போது பாத்தேன்."

"பன்னெண்டாந் தேதின்னுல்லா போட்டிருக்கு?"

"அதுக்கு முன்னால முடிக்கக் கூடாதுன்னா போட்டிருக்கு?"

அவர் குரலைத் தணித்தார். "மேடம், ஆணையர் இப்ப மாசாமாசம் ஒண்ணு கேக்காரு. நாட்காட்டிப்படி எத்தனை முடிஞ்சுதுன்னு. முன்னால முடிச்சாலும் தேதி தப்புதான், பின்னால முடிச்சாலும் தப்புதான். தப்பினா என் சதவீதம் இறங்கும். நானா சொல்லுதேன்? உங்க மிஷினுல்லா சொல்லுது."

செண்பகவல்லி டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தாள். ஒரு கணிப்பை உத்தரவாக மாற்ற ஓர் அலுவலகத்துக்கு மூன்றே வாரம் போதும் என்று எந்தத் திட்டத்திலும் அவள் எழுதியிருக்கவில்லை.

"ஏன் நவம்பர் பன்னெண்டு? எனக்கு அது தெரியணும்" என்று சனிக்கிழமை ஷிஃபானாவிடம் சொன்னாள். "ஆள் பற்றாக்குறையா, சாமான் இல்லையா, என்ன காரணம்?"

கணிப்பான் காரணம் சொல்லாது. ஆனால் எந்தெந்தப் பழைய புகார்களை வைத்து அந்த நாளுக்கு வந்தது என்று கேட்டால் பட்டியல் தரும். ஷிஃபானா பட்டியலை எடுத்தாள். முப்பத்தொரு பழைய புகார்கள், முப்பத்தொரு ஊர்கள், எல்லாம் மூடியில்லாத சாக்கடைகள். இருவரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

பத்து நிமிடத்தில் ஷிஃபானா தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, உங்க பட்டியல்ல 'முடிந்தது'க்கு முந்தின பதிவப் பாருங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"எனக்கு இங்க 'பெண் விழுந்து கை முறிவு'ன்னு இருக்கு. அடுத்த நாள் முடிந்தது. இன்னொண்ணு, 'சைக்கிளுடன் விழுந்தார், 108 வந்தது'. மறுநாள் முடிந்தது. அடுத்தது..." ஷிஃபானா நிறுத்தினாள். அடுத்ததை வாய்விட்டுப் படிக்கவில்லை.

முப்பத்தொன்றில் இருபத்தாறு அப்படித்தான் இருந்தன.

"இது வேலை முடியுத நாளச் சொல்லல அக்கா" என்றாள் ஷிஃபானா மெதுவாக. "ஆள் விழுந்த மறுநாளச் சொல்லுது. விழுந்தாத்தான் மூடுவாங்கன்னு அதுக்குத் தெரியும். நவம்பர்ல மழை, தெருவுல தண்ணி நிக்கும், குழி கண்ணுக்குத் தெரியாது. மழை விடுமுறை முடிஞ்சு பதினொண்ணாந் தேதி பள்ளிக்கூடம் தொறக்கும்னு கணக்குப் பண்ணிருக்கு. பதினொண்ணாந் தேதி விழுந்தா, பன்னெண்டாந் தேதி மூடி."

இதைச் செய்தது நான்தானே என்று நினைத்தாள் செண்பகவல்லி.

நாட்காட்டியை உடனே நிறுத்தக் கோரி அவள் பராமரிப்புக் குழுவுக்கு எழுதினாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. துல்லியம் தொண்ணூற்றொரு சதவீதம், நாற்பது ஊர்களும் திருப்தி தெரிவித்துள்ளன, கணிப்பு சரியாக இருக்கும்போது இதைப் பிழை என்று வகைப்படுத்த இயலாது. ஆணையருக்கு மனு எழுதினாள். மனு புகாராகப் பதிவானது, எண் 4902. நாட்காட்டி அதற்குக் கொடுத்த தேதி 2034 ஜனவரியில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

பிறகு நேராகக் களத்தில் இறங்கினாள். கோமதிநாயகத்திடம் ஒரு பழைய டிரம் இருந்தது. அதை உருட்டி வந்து குழியை மறித்து நிறுத்தினார்கள். ஒரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டினார்கள். கோமதிநாயகம் உற்சாகமாகப் படமெடுத்து 4417-இன் கீழே பதிவேற்றினார்.

மறுநாள் காலையில் நவம்பர் 12-ஆம் தேதிக் கட்டம் காலியாக இருந்தது. 4417 அடுத்த வருடம் ஜூனுக்குப் போயிருந்தது. குழியின் மேல் ஒரு பழைய கதவுப் பலகையையும் போட்டுப் படமெடுத்ததும், தேதி இருந்த இடத்தில் 'தேதி இல்லை' என்று வந்தது.

"பாத்தீங்களா மேடம்?" என்று ஏசுவடியான் தொலைபேசியில் சந்தோஷப்பட்டார். "அவசரமில்லன்னு மிஷினே சொல்லிட்டு."

"ஷிஃபானா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்" என்றாள் செண்பகவல்லி. "ஜனங்க ஜாக்கிரதையா இருந்தா வேலை நடக்காது. ஜாக்கிரதையா இல்லன்னா விழுவாங்க. இதுக்குப் பேரு நாட்காட்டியா?"

"நாம செஞ்சது கண்ணாடிதான் அக்கா. முகம் அவங்களோடது."

"இந்த மாதிரிப் பேச்சு எனக்கு வேண்டாம். வழி சொல்லு."

முதல் முறையாக அவள் வழிகாட்டியிடம் ஒருமையில் பேசியிருந்தாள். இருவரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்டோபர் கடைசியில் ஏதோ ஒரு பெரிய மனிதர் ஊருக்கு வருகிறார் என்று தெருவைச் சுத்தம் செய்தார்கள். டிரம், கம்பு, துணி, பலகை எல்லாவற்றையும் நகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போனது. குழி மட்டும் கிடந்தது; கோமதிநாயகம் அதையும் படமெடுத்துப் பதிவேற்றினார். அன்று சாயங்காலமே 4417 மறுபடி நவம்பர் 12-க்கு வந்து உட்கார்ந்தது.

"விழுந்துட்டாங்கன்னு நாமே ஒரு பதிவு போட்டா என்ன?" என்று செண்பகவல்லி கேட்டாள். "மறுநாளே மூடிருவாங்கள்ல?"

"கூடாது." ஷிஃபானா யோசிக்கவே இல்லை. "ஒரு ஊர்ல பொய்யின்னு தெரிஞ்சா, அடுத்த ஊர்ல நெசமா விழுந்தவங்களையும் நம்ப மாட்டாங்க. பொய்ப் பதிவு மட்டும் வேண்டாம் அக்கா. சத்தியமாச் சொல்லுதேன், நீங்க போட்டா நானே அழிப்பேன்."

"சரி. பொய் வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி.

நவம்பர் நாலாம் தேதி காலை பதினோரு மணிக்கு அவள் பள்ளி முக்குக்குப் போனாள். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். நல்ல வெயில். கைப்பையையும் கண்ணாடியையும் கோமதிநாயகத்தின் கடைப் பலகையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் விழுந்ததும் 108-க்குப் போன் போடுங்க. பெறகு படம் எடுங்க. படத்த மறந்துராதீங்க."

"என்னம்மா சொல்லுதீங்க?"

அவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள் அவள் குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மெல்ல இறங்கி, கொஞ்சம் சிராய்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் அவள் கணக்கு. இடுப்பளவுதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அது ஆளளவு ஆழம். காலுக்கு அடியில் எதுவும் தட்டுப்படவில்லை. கை வழுக்கியது. பிளந்து உள்ளே கிடந்த பழைய மூடியின் மேல் இடது கால் மடங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஏசுவடியான் தானே நின்று சிலாப்பு போட வைத்தார். 4417-க்குப் பச்சைக் குறி விழுந்தது.

மூன்றாம் நாள் ஷிஃபானா ஆஸ்பத்திரிக்கு வந்தாள். திரையில் தெரிந்ததைவிடக் குள்ளம். வாசலில் நின்றபடியே சத்தம் போட்டாள்.

"இந்த ஆறு மாசத்துல நான் சொன்ன ஒண்ணையாவது ஒழுங்காக் கேட்டீங்களா? ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு!"

"பொய்ப் பதிவு வேண்டாம்னு சொன்னே. கேட்டேனே."

ஷிஃபானா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. செண்பகவல்லி அவள் முதுகில் கை வைத்தாள். கால் இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் அவள் தன் செய்கையை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருப்பாள். ஆனால் கோமதிநாயகம் நடந்ததை நடந்தபடி 4417-இன் கீழே எழுதியிருந்தார். நாற்பது ஊர்களிலும் அதைப் படித்தார்கள். இரண்டு வாரத்தில் வடக்கே ஒரு ஊரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தன் தெருக் குழியில் தானாகவே இறங்கினார். அறுபத்தெட்டு வயது. இடுப்பெலும்பு உடைந்தது. மறுநாள் குழியை மூடிவிட்டார்கள். அவர் இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று அவருடைய மகள் அந்தப் புகாரின் கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்.

செண்பகவல்லி அந்த வரியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஷிஃபானாவை அழைத்தாள்.

"கட்டத்துக்குள்ள என்ன வரும்னு கேட்டேல்லா? நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன். தேதி சரிதான். அதுக்கு மேல நாம எழுதியிருக்குத வார்த்தைதான் பொய்."

"எந்த வார்த்தை?"

"'முடியும் நாள்'னு இருக்கு. அத எடுத்துட்டு, 'இந்த நாளுக்குள் இங்கே ஒருவருக்கு அடிபடும்'னு போடு. எந்தெந்த வகைப் புகார்ல அப்படி நடந்திருக்கோ, அதுக்கு மட்டும். கணிப்பான் நமக்குச் சொன்னதும் அதுதான?"

"ஒரே ஒரு வரி மாத்தம்" என்றாள் ஷிஃபானா. "குழு ஒத்துக்காது. ரெண்டு பேரோட ஒப்புதல் இல்லாம இணைக்கக் கூடாதுன்னு விதி எழுதினதே நான்தான்."

"தெரியும். அதான் உத்தரவு போடல, கேக்கேன்."

திங்கட்கிழமை காலையில் ஷிஃபானாவே அதை இணைத்துவிட்டாள். புதன்கிழமை பராமரிப்புக் குழு ஷிஃபானாவின் இணைப்பு உரிமையைப் பறித்தது. மாற்றத்தைத் திரும்ப எடுக்கவும் தீர்மானித்தது. ஆனால் அதற்குள் நாற்பது ஊர்களிலும் அந்த வார்த்தையைப் படித்துவிட்டார்கள். அதை நீக்கினால் பத்திரிகைக்குப் போவோம் என்று ஊர் ஊராகக் கடிதங்கள் வரவும், குழு தீர்மானத்தைக் கிடப்பில் போட்டது.

ஏசுவடியான் திங்கட்கிழமை மதியமே அழைத்திருந்தார்.

"மேடம், என் பேருக்கு நேரா, இருபத்திரண்டாந் தேதிக்குள்ள ஒருத்தருக்கு அடிபடும்னு போட்டிருக்கே. மின்கம்பம். அத எடுத்துருங்க மேடம், எம் பிள்ளைங்க பாக்குதாங்க."

"எடுக்க என் கையில இல்ல சார். உங்க கையிலதான் இருக்கு."

"ஆளு போயாச்சு. சாயங்காலத்துக்குள்ள மாத்திருவாங்க."

"சதவீதம் இறங்குமே?"

"இறங்கட்டும் மேடம்" என்றார் அவர்.

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வீடு திரும்பி, காலை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு செண்பகவல்லி கணினியைத் திறந்தாள். பராமரிப்புக் குழு அவள் பெயருக்கு ஒரு பிழையை ஒதுக்கியிருந்தது.

'வார்த்தை மாற்றிய வகைகளில் நாட்காட்டியின் துல்லியம் தொண்ணூற்றொரு சதவீதத்திலிருந்து முப்பத்துநாலாகச் சரிந்துள்ளது. பெரும்பாலான புகார்கள் கணித்த நாளுக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. இது மிகத் தீவிரமான பிழை. உடனடியாகச் சரிசெய்யவும்.'

அவள் ஷிஃபானாவுக்குப் படித்துக் காட்டினாள். மறுமுனையில் ஷிஃபானா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்தது. கணிப்பு சரியாக இருந்தவற்றின் பட்டியலைத் திறக்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்துநாலு சதவீதம் என்பது நூற்று அறுபத்திரண்டு புகார்கள். அடிபட்டவர்கள்: ஒரு பால்காரர். சீமந்தத்துக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள். ஒரு காவலாளி. ஒவ்வொன்றின் முடிவிலும் பச்சைக் குறி, சொன்ன நாளில், சொன்னபடி.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"குழுவுக்கு என்ன பதில் போடப் போறீங்க?"

செண்பகவல்லி பிழையின் கீழே இருந்த பெட்டியில் தட்டச்சு செய்தாள்: 'முப்பத்துநாலு இன்னும் அதிகம். பூஜ்யம் ஆகும்வரை இந்தப் பிழையை மூட வேண்டாம்.'

அனுப்பிவிட்டு, அடுத்த வாரத்துக் கட்டங்களைத் திறந்து, முதலில் இருந்த ஊரின் உதவிப் பொறியாளருடைய எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.